தோட்டத்து உடம்பும் பாட்டன் ரத்தமும்

இறக்குவானைப் பக்கமோ எட்டியாந்தோட்டைப் பக்கமோ, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு கிழவி இருப்பார். வயது எண்பத்தைந்தா தொண்ணூறா என்பது அவருக்கே தெரியாது. வெற்றிலை புகையிலையை விட்டதில்லை. கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. மாரியம்மன் திருவிழா வந்தால் மேட்டுக் கோயிலுக்கு யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிடுவார். அதே லயத்தில் மூன்று காம்பரா தள்ளி ஒரு படம் மாலையோடு தொங்கும். ஐம்பதைக்கூடத் தொடாத வயதில், பால் வெட்டப் போன மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். இரண்டு பேரும் தின்றது ஒரே ரொட்டி, ஒரே சம்பல். ஏறி இறங்கியதும் ஒரே மேடு.

இந்த வித்தியாசத்துக்குத் தோட்டத்தில் இரண்டு விளக்கம் கிடைக்கும். "அது அந்தக் காலத்து உடம்பு, சும்மாவா?" என்பது ஒன்று. "அவங்க பரம்பரையே கெட்டி, அவங்க ஆத்தாவும் நூறு வயசு வரைக்கும் இருந்தவ" என்பது இன்னொன்று. இதயநோயை ஆராயும் கூடங்கள் கடந்த ஐம்பது வருடத்தில் இரண்டாவது விளக்கத்தின் பக்கம் வெகுதூரம் வந்துவிட்டன. முதலாவதையும் அவை தள்ளிவிடவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, "தோட்டத்து ஆளுக்கு ஹார்ட் வருத்தம் வராது" என்ற மூன்றாவது நம்பிக்கை ஒன்றை வளர்த்து வைத்திருக்கிறோம். தொழிலாளியின் உடம்பு எதையும் தாங்கும் என்பது துரைமாருக்கு வசதியான எண்ணம். அதை நாமும் பெருமையாக எடுத்துக்கொண்டதுதான் வினை.

முதலில் அந்த நல்ல ரத்தத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அது கட்டுக்கதை இல்லை.

ஏரிக்கரையில் ஓர் ஊர்

இத்தாலியின் வடக்கே, கார்தா ஏரிக்கரையில் லிமோனே என்று ஒரு சின்ன ஊர். முதுகுப் பக்கம் செங்குத்து மலை, முன்னால் தண்ணீர். 1930களின் தொடக்கத்தில் ஏரியோரச் சாலை வரும்வரை வெளியே போக்குவரத்தெல்லாம் பெரும்பாலும் படகில்தான். 1970களில் அந்த ஊரைச் சேர்ந்த ரயில்வே தொழிலாளி ஒருவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கை மிலான் பல்கலைக்கழகத்தில் சேசரே சிர்ட்டோரி என்ற மருத்துவ ஆய்வாளரின் கைக்கு வந்தது. ட்ரைகிளிசரைடு மிக அதிகம். நல்ல கொலஸ்ட்ரோல் என்று நாம் சொல்லும் எச்.டி.எல். மிகவும் குறைவு. எந்த டொக்டர் பார்த்தாலும் கலங்கிப்போகும் அறிக்கை. ஆனால் அவருடைய ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. அவருடைய பிள்ளைகளிலும் சிலருக்கு அதே விநோத அறிக்கை.

சிர்ட்டோரியின் குழு ஊரில் உள்ள சுமார் ஆயிரம் பேரின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தது. சில பத்துப் பேரிடம் ஒரே மாற்றம் கிடைத்தது. எச்.டி.எல். துகளின் முதுகெலும்பாக இருக்கும் ஏபோ ஏ-1 என்ற புரதத்தில், 173ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிப் பின்னோக்கிப் போனபோது, அத்தனை பேருடைய வம்சாவளியும் 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்த ஒரே தம்பதியிடம் போய் நின்றது. அந்த மாற்றத்துக்கு 'மிலானோ' என்று பெயர் வைத்தார்கள். உரிமைப்படி 'லிமோனே' என்றல்லவா வைத்திருக்க வேண்டும்? பெரிய நகரங்கள் இப்படித்தான்.

இந்தப் புரதத்தைச் செயற்கையாகச் செய்து ஊசி வழியே கொடுத்தால் என்ன ஆகும்? 2003இல் வந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், ஐந்து வாரம் கொடுத்ததும் இதய ரத்தக்குழாயில் இருந்த படிவு 4 சதவீதம் அளவு குறைந்ததாகச் சொன்னார்கள். பத்திரிகைகள் துள்ளின. அடுத்து வந்த சோதனைகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. 2016இல் அந்த மருந்து கைவிடப்பட்டது. பிறப்பிலிருந்து ஒருவர் உடம்பில் ஓடுவதை, அறுபது வயதில் ஐந்து வாரம் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பிடித்துவிட முடியாது போலும்.

லிமோனே பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தோட்டங்கள்தான் ஞாபகம் வரும். கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சொந்தபந்தத்தையும் தன் சாதிசனத்தையும் திரட்டிக்கொண்டு வந்தார். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று ஊர் ஊராகக் கிளம்பியவர்கள் மலைச்சரிவுகளில் தனித்தனிக் கூட்டமாகக் குடியேற்றப்பட்டார்கள். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். பாஷை வேறு, கோயில் வேறு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அதே தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ உள்ள முறைகாரர்களுக்குள். ஓர் ஊரின் ரத்தம் நூறு, நூற்றைம்பது வருடம் வெளியே கலக்காமல் ஓட இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேண்டுமா? நல்லது வந்திருந்தாலும் கெட்டது வந்திருந்தாலும் அது தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்கும்.

குறைவதும் ஒரு கொடுப்பினை

நல்ல மரபணு என்றால் கூடுதலாக ஏதோ ஒன்று இருக்கும் என்றுதான் நினைப்போம். இதய விஷயத்தில் பெரும்பாலும் நேர்மாறு. ஒரு மரபணு வேலை செய்யாமல் போனவர்தான் அதிர்ஷ்டசாலி.

2003இல் பிரான்ஸில், இளவயதிலேயே கொலஸ்ட்ரோல் எகிறும் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு அகப்பட்டது. ஈரலின் மேற்புறத்தில், ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இந்தப் பி.சி.எஸ்.கே.9 புரதம் அந்த ஏற்பிகளை அழிக்கிறது. மலையில் கொழுந்து குவிந்து கிடக்கும்போது, வேலைக்கு வந்த ஆட்களை அரைப் பேரோடு லயத்துக்குத் திருப்பி அனுப்பும் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரெஞ்சுக் குடும்பங்களில் கங்காணி மிதமிஞ்சிய சுறுசுறுப்பு.

அமெரிக்காவில் டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். அந்தக் கங்காணி வேலைக்கே வராதவர்கள் இருப்பார்களா? இருந்தார்கள். கறுப்பின அமெரிக்கர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு. 15 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், இதய ரத்தக்குழாய் நோய் வரும் அபாயம் 88 சதவீதம் குறைந்திருந்தது. 2006இல் வெளியான கணக்கு இது. இத்தனைக்கும் அவர்களில் பலருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, சிலர் புகைபிடித்தார்கள், சிலருக்கு நீரிழிவு இருந்தது. இரண்டு பிரதியும் செயலிழந்த ஓர் இளம்பெண்ணும் கிடைத்தார். உடற்பயிற்சி ஆசிரியை. நூற்றுக்குக் கீழே இருந்தாலே நல்லது என்று டொக்டர் சொல்லும் எல்.டி.எல். அவருக்கு வெறும் 14. எந்தக் குறையும் இல்லாமல் நலமாக இருந்தார்.

இதே ஆய்வில் வெள்ளையர்களிடம் கிடைத்த இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். அது எல்.டி.எல்.-ஐ வெறும் 15 சதவீதம்தான் குறைக்கிறது. ஆனால் இதயநோய் அபாயம் 47 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை போட்டுக் கொலஸ்ட்ரோலை 15 சதவீதம் குறைக்கும் அறுபது வயதுக்காரருக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை. பிறப்பிலிருந்து நாற்பது, ஐம்பது வருடம் குழாய்ச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகப் படிந்ததன் கூட்டுத்தொகை அது. மரபணு ஆராய்ச்சி மருத்துவத்துக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய பாடம் இதுதான் என்பேன். சின்னக் குறைவாக இருந்தாலும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

லிமோனேயின் கதைபோல இது ஏமாற்றத்தில் முடியவில்லை. பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் சந்தைக்கு வந்தன. பிறகு வந்த இன்க்ளிசிரான் என்ற மருந்தை, ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை போட்டால் போதும். அதிர்ஷ்டசாலிகள் பிறப்பிலேயே பெற்றதை மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கலாம். கொழுந்து நிறுத்துக் கூலி வாங்குகிறவர் அந்தக் காசுக்கு எங்கே போவார் என்பது வேறு பேச்சு. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசம். அதை ஒழுங்காகப் போட்டாலே பெரும்பாலானவர்களுக்குக் காரியம் நடக்கும்.

முறைப்பெண்ணும் மரபணுவும்

நமக்கு இன்னும் நெருக்கமான கதை கராச்சியில் நடந்தது. டேனிஷ் சலேஹீன் என்ற ஆய்வாளரின் குழு பாகிஸ்தானில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் படித்து 2017இல் முடிவை வெளியிட்டது. ஏன் பாகிஸ்தான்? அங்கே பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளுக்குள் திருமணம் சாதாரணம். தாயும் தகப்பனும் ஒரே பாட்டனின் வழி வந்தால், அந்தப் பாட்டனிடம் இருந்த செயலிழந்த மரபணு இரண்டு பக்கமும் வந்து பிள்ளையிடம் சேரலாம். வேறெங்கும் லட்சத்தில் ஒருவராகத் தேட வேண்டியவர்கள் அங்கே குடும்பமாகவே கிடைப்பார்கள்.

கிடைத்தார்கள். ஏ.பி.ஓ.சி.3 என்ற மரபணு ரத்தத்தில் கொழுப்பைத் தேங்க வைக்கும். ஒரு குடும்பத்தில் தகப்பன், தாய், ஒன்பது பிள்ளைகள், அத்தனை பேருக்கும் அதன் இரண்டு பிரதிகளும் செயலற்றிருந்தன. கொழுப்பு நிறைந்த பானத்தைக் குடிக்கக் கொடுத்து ரத்தத்தைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறியது. இவர்களுக்கு ஏறவே இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஆமிஷ் சமூகத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் இதே மரபணுவின் ஒரு பிரதியை இழந்தவர்கள் என்பதும், அவர்களின் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு குறைவு என்பதும் 2008இலேயே தெரிந்திருந்தது. அவர்களும் வெளியே பெண் கொடுக்காதவர்கள்தான்.

மாமன் மகளும் அத்தை மகனும் நமக்குப் புதிதா? இதைப் படித்துவிட்டு முறைப்பெண் கட்டுவதற்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே வழியில்தான் கெட்ட மாற்றங்களும் இரட்டையாகச் சேர்கின்றன. ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரீச்சும் தென்னாசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017இல் சொன்ன செய்தி: அவற்றில் 81 குழுக்கள், அரிய பரம்பரை நோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விட அதிகமாக ஒரு சில முன்னோரின் ரத்தத்தைச் சுமப்பவை. சாதிக்குள் மணம், முறைக்குள் மணம் என்று ஆயிரக்கணக்கான வருடம் போட்ட வேலியின் கணக்கு இது.

பட்டதொம்பலென காலத்துப் பிழை

கெட்டதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். அதில் தமிழர் பெயர்களும் இருக்கின்றன, இலங்கையும் இருக்கிறது.

எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணு இதயத் தசையின் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் புரதத்தைத் தருகிறது. அதில் 25 எழுத்துகள் உதிர்ந்துபோன ஒரு வடிவம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும், தங்கராஜும், அவர்களோடு சேர்ந்த பலரும் 2009இல் அதன் பரவலை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இந்த உதிர்வு இருந்தது. உலகில் சுமார் 6 கோடிப் பேர். இலங்கையிலும் இருந்தது. ஐரோப்பாவில் தேடினால் கிடைக்கவில்லை. இது இருப்பவருக்கு நடுவயதைத் தாண்டியதும் இதயத் தசை பலவீனமடையும் அபாயம் பல மடங்கு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

மாற்றம் தோன்றியது முப்பதாயிரம் வருடத்துக்கு முன்பு என்கிறார்கள். ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் இரத்தினபுரி மாவட்டம் குருவிற்றைக்கு அருகே, பட்டதொம்பலென குகையில் மனிதர்கள் சின்னக் கல்லாயுதங்களோடு காட்டு விலங்குகளை வேட்டையாடி வாழ்ந்தார்கள். முப்பது வயதில் பிள்ளை பெற்று ஐம்பதுக்குள் இறந்துபோன காலத்தில், ஐம்பதுக்குப் பிறகு தொல்லை தரும் பிழையை இயற்கை ஏன் களைந்தெறியப் போகிறது? பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த பிறகுதானே அது வாய்திறக்கிறது.

பின்னால் வந்த ஆய்வுகள் இந்தப் பயத்தைக் கொஞ்சம் தணித்தன. அமெரிக்காவில் வாழும் தென்னாசியர்களைப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், இன்னொரு தமிழரான சக்திவேல் சடையப்பனும் பங்கெடுத்தார். 25 எழுத்து உதிர்வு உள்ள எல்லோருக்கும் இதயக் கோளாறு தெரியவில்லை. அதே மரபணுவில் கூடவே இன்னொரு மாற்றமும் சேர்ந்துவந்த சிறு பகுதியினரிடம்தான் அதன் அறிகுறிகள் தெளிவாக இருந்தன. ஒரு மரபணுவைப் பார்த்து ஜாதகம் எழுதக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இவ்வளவு ஆராய்ச்சியில் நம் தோட்டத்து மக்கள் எங்கே இருக்கிறார்கள்? 2015இல் முடிந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 இனக்குழுக்கள். இலங்கைத் தமிழர் என்று ஒரு குழு உண்டு. அவர்கள் பிரித்தானியாவில் வாழ்பவர்கள். மலையகத் தமிழர் என்று தனியாக யாரும் இல்லை. 2025 ஜனவரியில் தரவுகளை வெளியிட்ட ஜீனோம் இந்தியா திட்டம் 83 சமூகங்களிலிருந்து பத்தாயிரம் பேரை எடுத்தது. அது இந்தியாவோடு நின்றுவிட்டது. 2012 கணக்கெடுப்பில் சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம் பேர் என்று பதிவான ஒரு சமூகம், இரண்டு கரைக்கும் இடையே கடலில் நிற்கிறது. மலையகம் என்றாலே நுவரெலியாதான் என்று நினைக்கும் நாட்டில், கேகாலையின் றப்பர் மலையையும் பலாங்கொடையின் தேயிலை மலையையும் யார் தனியாக எண்ணப் போகிறார்கள்?

படியேறிய கண்டக்டர்

இனி அந்த முதல் விளக்கத்துக்கு வருவோம், "அந்தக் காலத்து உடம்பு".

1953இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளில் வேலை செய்பவர்களை ஒப்பிட்டார். சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளுக்கு ஐந்நூறு, அறுநூறு படி ஏறி இறங்குவார். ஒரே சம்பள வட்டம், ஒரே நகரம். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. வந்தாலும் உடனே உயிரைப் பறிப்பது குறைவு. நம் மலைகளில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறியவளும், விடியுமுன்னே மரத்துக்கு மரம் ஓடி முந்நூறு மரம் வெட்டியவரும் அந்தக் கண்டக்டருக்கு எந்த விதத்தில் குறைந்தவர்கள்? அவர்கள் ரத்தத்தில் என்ன குறை இருந்திருந்தாலும் அந்த மேடு அதை மூடி மறைத்திருக்கும்.

மேடு இப்போது எல்லோருக்கும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், அவிசாவளைப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறார்கள், முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். கோதுமை மா ரொட்டி மாறவில்லை. அதோடு பொரியலும் சோடாவும் சேர்ந்திருக்கின்றன. தாத்தாவின் மரபணுவும் தாத்தாவின் பசியும் வந்திருக்கின்றன, தாத்தாவின் மேடு மட்டும் வரவில்லை.

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. அதன் தரவிலிருந்து 2007இல் வந்த கணக்குப்படி, தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59க்குப் பக்கம். ஆறு வருட இடைவெளி. காரணம் ரத்தம்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடத் தோன்றும். ஆனால் புகை, பிரஷர், சுகர், தொப்பை, கொழுப்பு, மனஅழுத்தம், உணவு, உடலுழைப்பு, மது என்ற ஒன்பதையும் கணக்கில் எடுத்தபோது, உலகின் மாரடைப்பு அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கு அவற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2016இல் அமித் கேராவும் கூட்டாளிகளும் 55 ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். மரபணு அபாயம் மிக அதிகம் என்று கணிக்கப்பட்டவர்களிலும், புகைக்காமல், உடல் பருக்காமல், அசைந்து வேலை செய்து, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நல்ல மரபணுவோடு பிறந்தவர்கள் அதை வீணாக்கியதும் அதே ஆய்வில் தெரிந்தது. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்த கணக்கு என்பதை மறக்கக்கூடாது. அவர்களின் மரபணுவை வைத்துத் தயாரித்த மதிப்பெண் முறை தென்னாசியரிடம் அவ்வளவு துல்லியமாக வேலை செய்வதில்லை.

எழுபத்துநாலில் பிறந்தவர்கள்

மரபணு கெடாமலேயே இதயம் கெடும் வழி ஒன்று உண்டு. அது கருவறையில் தொடங்குகிறது.

மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1934க்கும் 1954க்கும் இடையே பிறந்தவர்களின் பிறப்பெடைப் பதிவுகள் பத்திரமாக இருந்தன. கரோலின் ஃபாலும் சக ஆய்வாளர்களும் அவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய். மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மட்டும். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் பட்டினி கிடந்த நெதர்லாந்திலும் இதே வகைச் சேதி. பஞ்சத்தின்போது கருவில் உருவானவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் கூடுதல். அறுபது வருடம் கழித்து அவர்களின் டி.என்.ஏ.யைப் பார்த்தால், எழுத்துகள் அப்படியே இருந்தன. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று குறிக்கும் ரசாயன அடையாளங்கள் மட்டும் மாறியிருந்தன.

1973, 74இல் நம் தோட்டங்களில் நடந்ததை வயதானவர்களிடம் கேளுங்கள். அரிசி இல்லை, மா இல்லை, வேலை நாள் இல்லை. கிழங்கையும் கீரையையும் தேடி அலைந்தவர்கள், ரோட்டோரத்தில் கையேந்தியவர்கள், செத்தவர்கள். அந்தப் பட்டினியில் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. மாரடைப்பு வரும் வயது. அந்தத் தலைமுறையை யாராவது தேடிப்பிடித்து நெஞ்சில் ஈ.சி.ஜி. வயரை ஒட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. பஞ்சம் போய்விட்டது, குறை போகவில்லை. 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17; தோட்டத்தில் நூற்றுக்கு 32.

யார், எந்த வயதில், எப்படி

மரபணுச் சோதனை செய்யக் காசில்லை, ஆராய்ச்சியும் வரவில்லை என்றால் என்ன செய்வது? உலகின் மிகப் பழைய, செலவில்லாத மரபணுச் சோதனை ஒன்று இருக்கிறது. கிளினிக்கில் கேட்பார்கள்:

"உங்க குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் வருத்தம் இருந்ததா?"

"இல்ல மிஸ்."

அவ்வளவுதான். கேள்வி சிங்களத்தில் வந்தால் பதில் இன்னும் சுருங்கும். உண்மையில் தாத்தா மலையில் விழுந்து செத்தார், பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், அத்தைக்கு நாற்பத்தைந்தில் பக்கவாதம். ஆனால் அதெல்லாம் "பேய் அறைஞ்சது", "விதி முடிஞ்சது", "குடிச்சுச் செத்தான்" என்ற பெயரில் குடும்பத்தின் ஞாபகத்தில் கிடக்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி எழுதிய காகிதமோ அலமாரியில் கிடக்கிறது, இல்லாவிட்டால் கறையான் தின்றுவிட்டது.

அந்த ஞாபகத்தையும் அரசியல் கிழித்துப்போட்டது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும், மூன்று லட்சம் பேரை இங்கே என்றும் பிரித்தது. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் பலாங்கொடையில், தம்பி கூடலூரில். நீலகிரியில் 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியதே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள் எத்தனை குடும்பம்! தம்பிக்கு நாற்பத்தெட்டில் மாரடைப்பு வந்த செய்தி கோத்தகிரியிலிருந்து தந்தியாக வந்து, ஒரு நாள் அழுகையோடு முடிந்துபோயிருக்கும். அது அண்ணனின் நோய் அறிக்கையின் ஒரு பக்கம் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். அப்பா பக்கம், அம்மா பக்கம், கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். யார், எந்த வயதில், எப்படிப் போனார்கள். திடீரென்று விழுந்தவர்கள், மூச்சுவாங்கிக் கால் வீங்கிப் போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். ஆண் 55க்கு முன்பு, பெண் 65க்கு முன்பு என்றால் அந்தப் பெயரின் கீழே ஒரு கோடு. தொண்ணூறு தாண்டியவர்களையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். இரண்டு கோடு விழுந்த குடும்பத்துப் பிள்ளைகள் கிளினிக் பரிசோதனைக்கு முப்பத்தைந்து வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. கரவனெல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி வைத்தியசாலைகளுக்கு இப்போதே போகலாம், கொப்பியையும் கொண்டுபோகலாம்.

கேட்டுச் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. கொலஸ்ட்ரோல் அறிக்கையில் எல்.டி.எல். 190க்கு மேல் இருந்தால், அது சாப்பாட்டால் மட்டும் வந்ததாக இராது. ஏற்பி மரபணுவில் பிறவிக் குறை இருக்கலாம். உலகில் 250 பேருக்கு ஒருவரிடம் இது உண்டு. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுணுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுவயதிலேயே மாத்திரை தொடங்கினால் இந்தக் குறையோடு பிறந்தவர்களும் முழு ஆயுள் வாழலாம். இரண்டாவது, எல்.டி.எல். போலவே ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ. பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கும் அளவு அது. பத்தியம் இருந்தாலும் மேடு ஏறினாலும் அசையாது; ஆகவே ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும். தென்னாசியரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அரச வைத்தியசாலையில் எங்கும் செய்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். தனியாரிடம் செய்யக் காசு வேண்டும். கோடு விழுந்த குடும்பம் அந்தக் காசைச் செலவழிக்கலாம்.

நெதர்லாந்தில் 1994 முதல் 2014 வரை ஒரு காரியம் செய்தார்கள். பிறவிக் கொலஸ்ட்ரோல் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்தால், அவர் வீட்டு விலாசத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன், தங்கை, பிள்ளை, சித்தப்பா என்று தாதிமார் வீடு வீடாகப் போனார்கள். கூடப்பிறந்தவருக்கும் பிள்ளைக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்படித் தேடியே பல்லாயிரம் பேரைக் கண்டுபிடித்தார்கள். நம் தாதிமார் பலாங்கொடையிலிருந்து கூடலூருக்குப் போக முடியாது. ஆனால் பேரப்பிள்ளையின் கல்யாணப் படத்தை அங்கே அனுப்பும் அதே வாட்ஸ்அப்பில், எல்.டி.எல். 210 என்று எழுதிய அறிக்கையையும் படம் பிடித்து அனுப்பலாம். "தம்பி, எனக்கு இப்படி வந்திருக்கு, நீயும் பிள்ளைகளும் போய் ரத்தம் பாருங்க" என்று ஒரு வரி சேர்த்து.